எழுபத்தைந்து சொல்லோடு நின்ற பதில்

ஆர்டிஸ் ஹால்வர்சனுக்கு யாராவது திருமண அழைப்பிதழ் அனுப்பி அதில் எழுத்துப்பிழை இருந்துவிட்டால், சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பிவிடுவாள். கூடவே பரிசும் அனுப்புவாள், திருமணத்துக்கும் போவாள். ஆனால் பிழை திருத்தப்பட்டாக வேண்டும். ஹோம்பி ஊரில் இதற்காக அவள்மேல் யாரும் கோபப்பட்டதில்லை. ஊர் நூலகத்தை இருபத்தாறு வருஷம் நடத்தியவள். அவள் கண்ணில் பட்டால் எதுவும் நேராகிவிடும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

நான் அந்த ஊர் வாரப் பத்திரிகையில் அச்சுக்கோக்கிறவள். மேவிஸ் என்று பெயர். ஆர்டிஸுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே தேவாலயம். டகோட்டாச் சமவெளியின் ஒரே கோதுமை மாவட்டத்தில்தான் இருவரும் வளர்ந்தோம். அவள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒரு வருஷம் படித்தாள். அப்பா தானியக் கிடங்கிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதும் வீட்டுக்குத் திரும்பினாள். பிறகு, மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டிய மைலோவைக் கட்டிக்கொண்டாள். பிள்ளைகள் இல்லை. கல்லூரிக்கு அவள் திரும்பவே இல்லை. அதைப் பற்றி அவள் பேசியும் நான் கேட்டதில்லை.

தேர்தலுக்குத் தேர்தல் அவள் தயாரித்த தாள் ஒரு சண்டையில் பிறந்தது. அறுபதுகளில், மாநிலத்தை ஆளும் கவர்னரை மக்களே தேர்ந்தெடுக்கும் தேர்தல் சமயம். தேவாலயத்து மீன் விருந்தில் மைலோவும் ஆர்டிஸின் அண்ணனும், ஒரு வேட்பாளர் பள்ளிப் பேருந்துகளைப் பற்றி என்ன சொன்னார் என்று முகம் சிவக்கச் சண்டை போட்டார்கள். இருவருமே அவர் பேச்சைக் கேட்டவர்கள் இல்லை, படித்தவர்களும் இல்லை. ஆர்டிஸ் அடுத்த நாளே இரண்டு வேட்பாளர்களுக்கும் கடிதம் எழுதினாள். இருவருக்கும் ஒரே எட்டுக் கேள்வி. ஒவ்வொரு பதிலும் எழுபத்தைந்து சொல்லுக்குள் இருக்க வேண்டும். வந்த பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தட்டச்சு செய்து எங்கள் பத்திரிகைக்குக் கொண்டுவந்தாள். ஒரு முழுப் பக்கம் வந்தது.

அதிலிருந்து நாலு வருஷத்துக்கொரு முறை அது வந்தது. எங்கள் மாவட்டத்தில் அதை 'ஆர்டிஸ் தாள்' என்றே சொல்வார்கள். அக்டோபர் மூன்றாம் வாரம் அது வெளியானால் எல்லா வீட்டுக் குளிர்பெட்டியிலும் ஒட்டியிருக்கும். ஓட்டுப் போட வருகிறவர்கள் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் அவளிடம் ஒரு குறையும் சொன்னதில்லை. தான் யாருக்குப் போடுகிறாள் என்று அவள் மைலோவிடம்கூடச் சொன்னதில்லை.

வென்டெல் புரோகாப் மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்பான். அவன் எங்கள் பக்கத்து ஏலக்காரன். பண்ணை ஏலம், மாட்டு ஏலம் எதுவானாலும் அவன்தான். மூச்சுவிடாமல் விலை கூவுவான். ஏலமில்லாத நாளில் அதே வேகத்தில் வம்பளப்பான்.

"லைப்ரரியம்மா, எனக்கு மட்டும் காதுல சொல்லு. இந்தத் தடவ யாருக்கு?"

"தாள்ல இருக்கு, படிச்சுக்கோ."

"எட்டுக் கேள்வி, ரெண்டு ஆளு, பதினாறு பதில். இவ்வளவு படிச்சா நான் எப்ப ஏலம் விடறது? பேர மட்டும் சொல்லு."

"உனக்குச் சொன்னா மாவட்டத்துக்கே மைக் வச்சுச் சொன்ன மாதிரி."

அவன் சிரித்துக்கொண்டே போவான். ஆனால் தாளைப் படித்துவிடுவான். அவன் மனைவி அர்லீன் உரக்க வாசிக்க, அவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்பான் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

எண்பதுகளின் நடுவில் வந்த தேர்தலில் மூன்று பேர் நின்றார்கள். பதவியிலிருந்த ராய் ஸ்டென்கார்ட். மாநில சட்டமன்றத்திலிருந்து வந்த ஜூடித் ரெயின்கி. மூன்றாவதாக ஒரு தேனீ வளர்ப்பவர். அவர் எட்டுக் கேள்விக்கும் "மக்களே முடிவு செய்யட்டும்" என்று ஒரே பதிலை எழுதி அனுப்பியிருந்தார். அதையும் ஆர்டிஸ் எட்டு முறை தட்டச்சு செய்தாள்.

ரெயின்கி முன்னாள் பள்ளி ஆசிரியை. அந்தக் கோடையில் எங்கள் நூலகத்துக்கு வந்தாள். குழந்தைகள் பிரிவில் இருந்த குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, ஒரு மணி நேரம் ஆர்டிஸ் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டாள். ஸ்டென்கார்டும் ஒரு முறை வந்திருந்தார், அதற்கு முந்தைய வருஷம், கட்டடத்தின் புதுக் கூரையைத் திறந்துவைக்க. வரவேற்புரை எழுதிவைத்துக்கொண்டு வாசலில் நின்ற ஆர்டிஸின் கையில் தன் காலிக் கோப்பையைக் கொடுத்து, "இன்னும் கொஞ்சம் காபி கெடைக்குமாம்மா?" என்றார். அவள் போய் ஊற்றிக்கொண்டு வந்தாள். இதை அவள் எனக்குச் சொன்னது பல வருஷம் கழித்து.

அந்தத் தேர்தலில் ஐந்தாம் கேள்வி சின்ன ஊர் மருத்துவமனைகளைப் பற்றியது. ஸ்டென்கார்டின் பதில் எண்பத்தொரு சொல். வரம்பைத் தாண்டினால் ஆர்டிஸ் என்ன செய்வாள் என்பது வழக்கமாகிவிட்ட ஒன்று. அந்த வேட்பாளரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, நீங்களே குறைத்துக் கொடுங்கள் என்பாள். ஸ்டென்கார்ட் அலுவலகத்தைக் கூப்பிட்டாள். குறைத்துக் கொடுத்தார்கள்.

ரெயின்கியின் பதில் எண்பத்தெட்டு சொல். கிராமத்துக்கு மருத்துவர்களைக் கொண்டுவருவது, செவிலியர் படிப்புக்கு உதவுவது, ஹெலிகாப்டர் ஏற்பாடு என்று நன்றாக ஓடி, எழுபத்தைந்தாவது சொல்லில் ஒரு முற்றுப்புள்ளியோடு நின்றது. அதற்கப்புறம் இன்னும் ஒரே ஒரு வாக்கியம், பதின்மூன்று சொல்: "ஆனால் பதினைந்து படுக்கைக்கும் குறைவான மாவட்ட மருத்துவமனைகள் வாரநாள்களில் மட்டும் இயங்கும் பகல்நேர மருத்துவ நிலையங்களாக மாற்றப்படும்."

ஹோம்பி மருத்துவமனையில் பன்னிரண்டு படுக்கை.

ஆர்டிஸ் தொலைபேசியை எடுத்தாள். எண்ணைச் சுழற்றினாள். அங்கே மணி அடிக்கத் தொடங்கியதும் வைத்துவிட்டாள். விதி என்று பார்த்தால் எழுபத்தைந்துக்கு மேல் வெட்டலாம், அது அவளே எழுதிய கடிதத்தில் இருந்தது. வெட்டிய இடத்தில் மூன்று புள்ளி வைக்க வேண்டும் என்று கடிதத்தில் இல்லை, ஆனால் அதுதான் முறை என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்குக் கடைசி வாக்கியத்தை வெட்டினாள், புள்ளி வைக்கவில்லை.

தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தபோது நான் வழக்கம்போல எண்ணிப் பார்த்தேன்.

"ஆர்டிஸ், இந்தம்மா அஞ்சாம் கேள்விக்குச் சரியா எழுபத்தஞ்சுல முடிச்சிருக்காங்களே. யாராவது இப்படி அளந்து எழுதுவாங்களா?"

"டீச்சரா இருந்தவங்க" என்றாள் அவள். கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வழக்கமாக நான் கோத்து முடிக்கும்வரை உட்கார்ந்து மெய்ப்புப் பார்ப்பாள். மைலோவுக்குச் சளி என்று ஏதோ சொன்னாள். நானும் விட்டுவிட்டேன்.

ரெயின்கி ஜெயித்தாள். எங்கள் மாவட்டத்திலும் அவளுக்குத்தான் அதிகம். மருத்துவமனைத் திட்டத்தை அவள் ஒளித்துவைத்தாள் என்று சொல்ல முடியாது. தலைநகரத்தில் பேசியிருக்கிறாள், பெரிய பத்திரிகைகளில் உள்பக்கத்தில் வந்தும் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் அறுவடை நாளில் யார் உள்பக்கம் படித்தார்கள்? ஆர்டிஸ் தாளைத்தான் படித்தார்கள்.

அவள் பதவிக்கு வந்த இரண்டாம் வருஷம் ஜனவரியில் உத்தரவு வந்தது. பன்னிரண்டு கட்டிலையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊர் ஆம்புலன்ஸும் அறுபது மைல் தள்ளியிருந்த கிரான்ஸ்டன் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டது. அன்று நூலகத்துக்கு எதிரே நின்று ஊரே பார்த்தது. ஆர்டிஸ் உள்ளேயே இருந்தாள்.

அந்த வருஷம் பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து வந்து மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த வென்டெல் மார்பைப் பிடித்துக்கொண்டான். அர்லீன் கிரான்ஸ்டனுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க மனமில்லாமல் அவனைத் தன் வண்டியில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். பாதி வழியில் எதிரே ஆம்புலன்ஸைப் பார்த்தாள். அதற்குள் வண்டியிலேயே அவன் இதயம் நின்றுவிட்டிருந்தது. மறுபடி ஓடவைத்தார்கள். மூளைக்கு ரத்தம் போகாமல் இருந்த அந்தச் சில நிமிஷங்களை மட்டும் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

ஆறு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தான். நடந்தான், சாப்பிட்டான், ஆள்களை அடையாளம் கண்டான். பேச்சு இல்லை. எதற்கும் ஒரே வார்த்தைதான் வந்தது: "ஆமா ஆமா." காபி வேண்டுமா என்றாலும் ஆமா ஆமா. வலிக்கிறதா என்றாலும் அதுதான். வேண்டாம் என்பதற்கும் அதைத்தான் சொல்வான். வாய் அதைச் சொல்லும்போது கண் வேறெதையோ தேடும்.

நானும் ஆர்டிஸும் சாப்பாடு எடுத்துக்கொண்டு பார்க்கப் போனோம். அர்லீன் பாத்திரத்தை வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்தாள். அதன் கதவில் மஞ்சளடித்துப்போன தாள் இன்னும் ஒட்டியிருந்தது.

"கிழிச்சுப் போடணும்னு நெனச்சிட்டே இருந்தேன்" என்றாள் அர்லீன். "நேத்து எடுத்துத் திரும்பவும் படிச்சேன், அஞ்சாவது கேள்விய. ஹெலிகாப்டர் வரும்னு போட்டிருக்கு. ஆஸ்பத்திரிய மூடுவாங்கன்னு ஒரு எழுத்து இல்ல. அந்தப் பொம்பள உன்னையே ஏமாத்திட்டாளே ஆர்டிஸ்."

நான் வண்டியோட்டித் திரும்பி வரும்போது, தானியக் கிடங்கைத் தாண்டியதும், ஆர்டிஸ் நிறுத்தச் சொன்னாள். முன்கண்ணாடியைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தொலைபேசியில் எண்ணைச் சுழற்றியது, மணி அடித்தது, வைத்தது.

"அது நீயே எழுதுன விதி தானே" என்றேன் நான்.

"விதிதான். ஸ்டென்கார்டுக்கு ஃபோன் பண்ணுனேன், இவங்களுக்குப் பண்ணல. அதுக்கு ஒரு விதி இருக்கா மேவிஸ்?"

"ஏன் பண்ணல?"

"அவங்க ஜெயிக்கணும்னு இருந்துச்சு. வாழ்க்கையில ஒரு தடவ எனக்குப் புடிச்ச ஒருத்தங்க ஜெயிக்கட்டும்னு இருந்துச்சு. அந்த வரியப் படிச்சப்ப எனக்குத் தெரியும். நம்ம ஆஸ்பத்திரியில எத்தன கட்டில்னு எனக்குத் தெரியாதா? அப்படியெல்லாம் செஞ்சிட மாட்டாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

அப்போதுதான் அவள் என்னிடம் சொன்ன பொய் எனக்கு உறைத்தது. டீச்சரா இருந்தவங்க. அதை நான் அன்றைக்கே நம்பவில்லை என்பதும் உறைத்தது. இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். பக்கத்தை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் விட்டுவிட்டேன். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

மறுநாள் அவள் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தாள். ரெயின்கியின் அசல் கடிதம் கையில் இருந்தது. அதைத் தூக்கிப் போடாமல் நூலக அலமாரியில் வைத்திருந்தாள். எங்கள் ஆசிரியர் லைல் அதை இரண்டு முறை படித்தார்.

"இதப் போடணுங்கறியா?"

"முதல் பக்கத்துல. அஞ்சாம் கேள்வியும் முழுப் பதிலும். வெட்டுனது நான்தான்னு என் பேரோட."

"ஆர்டிஸ், கணக்குப் பாரு. அந்தம்மா ஜெயிச்சது பதினாலாயிரம் ஓட்டு வித்தியாசத்துல. நம்ம மாவட்டம் பூராவும் சேர்த்தாலே ரெண்டாயிரத்துச் சொச்சம். அத்தன பேரும் மாத்திப் போட்டிருந்தாலும் ஆஸ்பத்திரி மூடித்தான் இருக்கும்."

"தெரியும். அந்தக் கணக்க நானும் போட்டுப் பாத்துட்டேன். ராத்தூக்கம் வரலியே."

"அப்புறம் எதுக்கு ஊர் முன்னாடி நிக்கணும்?"

"இருபது வருஷமா என் தாள நம்புனாங்க லைல். ஜெயிச்சாங்களா தோத்தாங்களாங்கறது வேற."

லைல் போடுகிறேன் என்றார். ஆனால் அது வெளியாவதற்கு முன்னால் அர்லீனிடம் தானே போய்ச் சொல்ல வேண்டும் என்றாள் ஆர்டிஸ். என்னையும் கூட வரச் சொன்னாள்.

சமையலறை மேசையில் வென்டெல் உட்கார்ந்து சீட்டுக்கட்டை வகை வகையாகப் பிரித்துக்கொண்டிருந்தான், பயிற்சிக்காக. ஆர்டிஸ் உட்காராமல் நின்றபடியே சொன்னாள். கடிதத்தை அர்லீன் முன்னால் வைத்தாள். அர்லீன் அதை உரக்க வாசித்தாள். பழக்கம் அப்படி. கடைசி வாக்கியத்துக்கு வந்ததும் குரல் தாழ்ந்துவிட்டது.

"வேற எந்தப் பதில்லயாவது வெட்டுனியா?"

"இல்ல."

"முந்தின வருஷங்கள்ல?"

"ஒரு தடவகூட இல்ல."

"இத மட்டும்."

"இத மட்டும்தான்."

அர்லீன் கடிதத்தை மடித்தாள். மறுபடி பிரித்தாள். "எனக்கும் அந்தம்மாவப் புடிச்சிருந்துச்சு. இந்த வரி இருந்திருந்தாலும் அவங்களுக்கே போட்டிருப்பேனோ என்னவோ. இவரு இதக் கேட்டுட்டு, போடி, நம்ம பன்னெண்டு கட்டில யாரு தொடப் போறான்னு சொல்லியிருப்பாரோ என்னவோ. இனிமே அது எனக்குத் தெரியவே தெரியாது. பாரு, அதத்தான் நீ எடுத்துக்கிட்ட."

ஆர்டிஸ் தலையசைத்தாள். பிறகு வென்டெல் பக்கம் திரும்பினாள். அவன் சீட்டுகளை வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வென்டெல், நான் சொன்னது புரிஞ்சுதா? நான் தப்புப் பண்ணிட்டேன்."

"ஆமா ஆமா" என்றான் அவன்.

"என்ன மன்னிப்பியா?"

"ஆமா ஆமா."

அவன் முகத்தில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. சொல்ல வேண்டியது எங்கேயோ உள்ளே சிக்கிக்கொண்டதுபோல உதட்டை இன்னொரு முறை குவித்தான். ஒன்றும் வரவில்லை. ஒரு ஸ்பேட் சீட்டை எடுத்து அதன் வரிசையில் வைத்தான். ஆர்டிஸ் வெளியே வந்து வண்டிச் சாவியை என்னிடம் நீட்டினாள்.

பத்திரிகை வெளியான வாரம் அவள் அடிக்குத் தயாராக இருந்தாள். அடி விழவில்லை. ஆசிரியருக்கு மூன்றே கடிதம் வந்தன. இரண்டு அவளைப் பாராட்டி. மூன்றாவது, பள்ளிப் பேருந்தைப் பற்றி. தேவாலயத்தில் பெண்கள் அவள் கையைப் பிடித்து, "இதுக்குப் போயி மனச ஒடச்சுக்காத" என்றார்கள். காபிக் கடையில் விதை வியாபாரி ஒருத்தர், "ஆர்டிஸ், எங்க கல்யாண உறுதிமொழியிலயும் ஒரு பதிமூணு சொல்ல வெட்டிக் குடேன், புண்ணியமாப் போகும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். யாராவது ஒருத்தர் கத்தியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஊர் அவளை ஒரே வாரத்தில் மன்னித்துவிட்டது. அந்த மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

ஏப்ரலில் பேச்சுப் பயிற்சிக்கு வென்டெலை வாரா வாரம் வியாழக்கிழமை கிரான்ஸ்டன் கூட்டிப்போக வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அர்லீனுக்கு அந்தச் சாலையில் வண்டி ஓட்டக் கை வரவில்லை. ஆர்டிஸ் நூலகத்தில் வியாழக்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றாள். அர்லீன் கதவைத் திறந்தாள்.

"பின் சீட்ல நான் உக்காந்துக்கறேன்" என்றாள். அவ்வளவுதான்.

ஏழு வருஷம் ஓட்டினாள். போக அறுபது மைல், வர அறுபது. முதல் வருஷம் வண்டியில் யாரும் பேசியதில்லையாம். வானொலியில் தானிய விலை மட்டும் ஓடும். வென்டெலுக்கு மெல்ல மெல்லச் சில வார்த்தைகள் வந்தன. காபி. நாய். அர்லீன் பெயர் மூன்றாம் வருஷம் வந்தது, அன்றைக்கு அர்லீன் பின்சீட்டில் வாய்விட்டு அழுதாளாம். ஆர்டிஸ் வண்டியை நிறுத்தவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அது தன்னுடைய சந்தோஷமில்லை என்று நினைத்ததாகச் சொன்னாள். ஆர்டிஸ் பெயர் அவன் வாயில் கடைசிவரை வரவில்லை.

அடுத்த கவர்னர் தேர்தல் வந்தபோது தாளை நான்தான் செய்தேன். அவள் செய்ய மாட்டேன் என்றுவிட்டாள். லைல் கெஞ்சினார், இரண்டு கட்சித் தலைவர்களும் வந்து கெஞ்சினார்கள். நான் சொல் வரம்பையே எடுத்துவிட்டேன். வேட்பாளர்கள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள், மூன்று பக்கம் போயிற்று, பாதிப் பேர் படிக்கவில்லை. ஆர்டிஸ் அதைப் பார்த்துவிட்டு, "இதுவும் ஒரு மாதிரி ஒளிச்சு வைக்கறதுதான் மேவிஸ்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது சரிதான். அதற்கடுத்த முறை வரம்பைத் திரும்ப வைத்தேன். யார் தாண்டினாலும் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

தேர்தலன்று அவள் ஓட்டுப் போட வருவாள். வருவாளே தவிர, கவர்னர் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிடுவாள் என்று ஒரு முறை வாய்தவறிச் சொன்னாள். "அது யாருக்கு உதவும்?" என்று நான் சண்டைக்குப் போனேன். "யாருக்கும் உதவாது. அந்தப் பேனாவப் புடிச்சா கை வரல" என்றாள்.

எட்டாம் வருஷம் வசந்தத்தில் வென்டெல் போய்ச் சேர்ந்தான். சாதாரணக் காய்ச்சலில். தேவாலயம் நிரம்பி வழிந்தது. மூன்று மாவட்டத்து ஏலக்காரர்கள் வந்திருந்தார்கள். ஆர்டிஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். குடும்பத்தாருக்கான வரிசையில் ஓரத்தில் ஓர் இடம் காலியாகத்தான் இருந்தது. அர்லீன் திரும்பிப் பார்த்தாள், கூப்பிடவில்லை. அடக்கத்துக்குப் பிந்தைய சாப்பாட்டில் ஆர்டிஸ் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டு, எல்லோரும் போன பிறகு போனாள்.

அடுத்த புதன்கிழமை அவள் வீட்டில் நான் இருந்தபோது தொலைபேசி அடித்தது. அர்லீன். ஆர்டிஸ் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"சரி... ஒம்பது மணிக்கு. சரி."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நாளைக்கு கிரான்ஸ்டன் போகணுமாம். திரைச்சீலைக்குத் துணி பாக்கணுமாம்."

"நம்ம ஊர் கடையிலயே துணி இருக்கே."

"அதத்தான் நானும் சொல்ல வாயெடுத்தேன்" என்றாள் ஆர்டிஸ். "முன் சீட்ல உக்காந்துக்கலாமான்னு கேக்கறா."

எழுந்து போய், வண்டிச் சாவி எங்கே என்று மைலோவைக் கேட்டாள். முன் இருக்கையில் கிடக்கும் வென்டெலின் கம்பளியை என்ன செய்வது என்று என்னைக் கேட்டாள். அங்கேயே இருக்கட்டும், அர்லீன் சொல்லட்டும் என்றேன்.

அதற்கப்புறமும் பல வியாழக்கிழமை அவர்கள் இருவரும் போனார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று இருவருமே எனக்குச் சொன்னதில்லை.